எடையைக் குறைக்காதே, தங்கச்சி

அன்புள்ள தங்கைக்கு,

புது ரைஃபிளின் படங்கள் வந்தன. பெட்டி, ஸ்டாக், சிலிண்டர், டயாப்டர் என்று எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய். கூடவே கடைசியில் ஒரு வரி: "கிளப் ரைஃபிள்லயே நல்லா சுட்டேன் அண்ணா, இதுல பத்தே விழமாட்டேங்குது." அதோடு, டிரிகர் எடையை இன்னும் குறைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். குறைக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிளப் ரைஃபிளில் இருப்பது மெக்கானிக்கல் டிரிகர். அதில் இரண்டு உலோக விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நீ அழுத்த அழுத்த ஒன்று மற்றொன்றின் மேல் நகர்ந்து, ஒரு கட்டத்தில் நழுவும். அந்த நழுவலுக்குச் சற்று முன்னால் விரல்நுனிக்கு ஒரு சேதி வரும். அதற்கு உன் விரல் இவ்வளவு காலம் பழகிவிட்டது. புது ரைஃபிளின் எலக்ட்ரானிக் டிரிகரில் அந்தச் சேதி கிடையாது. முதல் கட்டம் முடிந்ததும் விரல் எதிலோ முட்டுவது போல இருக்கிறதே, அதுகூட ஸ்பிரிங் வைத்து உண்டாக்கியதுதான். அதைத் தாண்டி நீ அழுத்தினால் ஒரு சென்சாருக்குத் தகவல் போகும்; வால்வைத் திறக்கவைப்பது மின்சாரத்தின் வேலை. நீயோ வராத சேதிக்காகக் காத்திருக்கிறாய். வரவில்லை என்றதும் பொறுமை போய், விரல் வெடுக்கென்று அழுத்திவிடுகிறது. ஒன்பதுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

விற்பவர்கள் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்: அழுத்தியதும் பாய்ந்துவிடும் என்பார்கள். பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பேரலை விட்டு வெளியே வந்தபின் பத்து மீட்டரைக் கடக்கவே 0.06 நொடி ஆகிறது. டிரிகர் மிச்சப்படுத்துகிற நேரம் அதற்கு முன்னால் தூசு. எலக்ட்ரானிக் டிரிகருக்குக் கொடுக்கிற காசு என்னைப் பொறுத்தவரை வேறொன்றுக்காக. ஜனவரிக் குளிரில் டெல்லியில் சுட்டாலும், மே மாத வெயிலில் மதுரையில் சுட்டாலும், முதல் பெல்லட்டோ அறுபதாவதோ, அது ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எண்ணெய் கெட்டிப்படுவது, விளிம்பு தேய்வது என்ற கதையெல்லாம் இல்லை. அந்த ஒரே மாதிரித்தனத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஆலன் கீயை எடுத்துத் திருகினால் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

எடை விஷயத்தில் ரைஃபிள்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் டிரிகர் எடை வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பே இல்லை. அதனால் குறைத்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். மூச்சு பட்டாலே வெடிக்கிற அளவுக்கு வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலை டிரிகர்மேல் வைக்கவே பயந்து பயந்து சுடுவார்கள். உனக்கு வேண்டியது விரலை வைத்து ஓய்வாக நிறுத்த ஓர் இடம். கிளப் ரைஃபிளில் என்ன எடை இருந்ததோ அதையே, முடிந்தால் சற்றுக் கூடுதலாகவே, இதிலும் வை. டிரிகர் பிளேடை மட்டும் முன்னே பின்னே நகர்த்தி, ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை நடுவில் உட்காரும்படி பார்த்துக்கொள். விரலின் பக்கவாட்டுச் சதை ஸ்டாக்கில் உரசக் கூடாது. உரசினால் விரல் நேராகப் பின்னால் வராது, ரைஃபிளையும் ஓரத்துக்கு இழுத்துப் போகும்.

அந்த ஓரம் எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார். குறியில் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1-க்கும் நடுவிலிருந்து விலகல் 0.25 மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் கடைசி பெல்லட்டுக்கு முன்பு அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா சுட்டது 10.8, ஹாக்கினென் சுட்டது 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம். நடுவிலிருந்து விலகிய தூரத்தில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஆகவே இப்போதைக்கு ஸ்கோரைப் பார்க்காதே. மானிட்டரைத் திருப்பி வை. டிரை ஃபயர் செய். இந்த ரைஃபிளில் காற்றைச் செலவழிக்காமலே டிரிகரை மட்டும் இயக்கிப் பார்க்க முடியும் என்பது பெரிய வசதி. வீட்டுக்கூடத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்தே செய்யலாம். அப்போதும் பேரலில் பெல்லட் இல்லை என்று திறந்து பார்த்துக்கொள், ஒவ்வொரு தடவையும். சுவரைப் பார்க்கும்போது குறிவைக்க எதுவும் இருக்காது. கவனம் முழுக்க முன்வளையத்திலும் விரலிலும் நிற்கும். டிரிகர் விழுந்த பிறகும் விரலை எடுக்காமல் ஒரு மூச்சு நேரம் அப்படியே இரு. வளையம் எந்தப் பக்கம் துள்ளியது என்று நீயே சொல்ல முடிய வேண்டும். ஸ்கோர் தானாக வரும். அறுபது பெல்லட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

பெல்லட் பற்றி அதிகம் கவலைப்படாதே. 4.49, 4.50 என்று தலையளவு பார்த்து, பேரலைப் பிடிமானத்தில் பூட்டிச் சோதித்து வாங்குவதெல்லாம் அடுத்த வருஷத்துக் கவலை. கோச் தருகிற டப்பாவே போதும்.

பேட்டரி அப்படியல்ல. அதுதான் உன் வாழ்க்கையில் புதிதாக வந்த தொல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாகரின் பிஸ்டல் பழுதாகிவிட்டது. சரி செய்ய நிமிடங்கள் பறிபோயின. மிச்ச நேரத்தில் விரட்டி விரட்டிச் சுட்டு, இரண்டு புள்ளியில் ஃபைனலைத் தவறவிட்டார். மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது நமக்குத் தெரியும்; அன்றைக்கு அவருக்குத் தெரியாதே. மெக்கானிக்கல் டிரிகர் கெடுவதற்கு முன் முனகும். எலக்ட்ரானிக் முனகாது, நின்றுவிடும். போட்டிக்கு முந்தின இரவு சார்ஜோ புது பேட்டரியோ, உன் மாடலுக்கு எதுவோ அதைச் செய். மாற்று ஒன்று பையில் இருக்கட்டும். சுட்டு முடித்ததும் சுவிட்சை அணை, பேரலில் சேஃப்டி கயிற்றைச் செருகு. கிளப் ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதே, மாவட்டப் போட்டி முடியும் வரை கையில் வைத்திரு.

காற்று பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் விளையாட்டே கூடாது. சிலிண்டரை 200 பார் வரை நிரப்பலாம். மெதுவாக நிரப்பு, வேகமாக ஏற்றினால் சூடாகும், ஆறிய பிறகு அளவு இறங்கிக் காட்டும். உலர்ந்த காற்றை மட்டும்தான் ஏற்ற வேண்டும். பக்கத்துத் தெரு வெல்டிங் கடையில் ஆக்சிஜன் கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்தே தள்ளி நில். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் வெடித்துவிடும். சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும். பத்து வருஷம்தான் ஆயுள், காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டு போகக் கூடாது.

தேசியப் போட்டிக்கு போபாலுக்கோ டெல்லிக்கோ விமானத்தில் போக நேர்ந்தால் சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவி. கிளப் செயலாளரிடமும் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள். அவரை உனக்குத் தெரியும், இன்றைக்குக் கேட்டால் அடுத்த வாரம்தான் கையெழுத்துப் போடுவார். இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
அண்ணன்