"வெறும் கேஸ்தான்" என்று விட்டுவிடாதீர்கள்!



நம் குழு உறுப்பினர் ஒருவர் அதிக உடல் எடையோடு சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டதால் இரைப்பை பைபாஸ் ஆபரேசன் செய்துகொண்டார். எட்டு மாதம் கழித்து மேல்வயிற்றில் வலி வந்தது. வெளியில் சொன்னால் "காசு கொடுத்து வம்பை விலைக்கு வாங்கிட்டா" என்று ஊர் பேசுமே என்ற பயம். "எல்லாம் கேஸ்தான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். பத்தாம் நாள் மலம் தார் போலக் கறுத்தது, மயங்கி விழுந்தார். இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வந்து ரத்தம் கசிந்திருக்கிறது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இந்த நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

உள்ளே என்ன மாறுகிறது?

இரைப்பையின் மேல்பகுதியைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். அதனால் கொஞ்சம்தான் சாப்பிட முடியும். சத்தும் முழுதாக உடம்பில் சேராது.

சாப்பாட்டில் கவனம்

* இனிப்பு, பாயசம், சர்க்கரை போட்ட காபி சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். இனிப்பைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.
* ஒரே வேளையில் நிறையச் சாப்பிட வேண்டாம். சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை, நன்றாக மென்று சாப்பிடுங்கள். அவசரமாக விழுங்கினால் வாந்தி வரும்.
* சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.
* முட்டை, மீன், பருப்பு, பயறு முதலில், சோறு பிறகு.

மாத்திரையில் கவனம்

டைக்ளோஃபெனாக், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும். மூட்டுவலி, தலைவலி எதுவானாலும் "எனக்கு பைபாஸ் ஆபரேசன் ஆகியிருக்கு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள். பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆகியவற்றை டாக்டர் சொன்னபடி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினால் ரத்தசோகை வரும், கை கால் மரத்துப்போகும். கர்ப்பம் தரிப்பதையும் ஒன்றரை ஆண்டாவது தள்ளிப்போடுவது நல்லது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி (குடல் சிக்கியிருக்கலாம்)
* தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி
* ரத்த வாந்தி, தார் போன்ற பிசுபிசுப்பான மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனாலும் சந்தேகம் என்றால் காட்டிவிடுங்கள்)
* காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, மயக்கம்

இதில் எது இருந்தாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். ஆபரேசன் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

குழுவில் பேசுவோம்

அவர் பத்து நாள் வாய் திறக்காததற்கு நம் கேலிப் பேச்சும் ஒரு காரணம் இல்லையா? இப்படி ஒரு அவசரம் வந்தால் சேமிப்பிலிருந்து அன்றே கடன் கொடுக்க நம் குழு தயாரா? அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.