இணையமில்லாக் கணினிக்கு எது இலகுவான லினக்ஸ்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், பழைய கணினிகளில் இலகுவான லினக்ஸ் நிறுவும் ஆர்வம் கூடியிருக்கிறது. இறக்கும் கோப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்றே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். இணைய இணைப்பே இல்லாத கணினிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் அனுபவம் காட்டும் முடிவு. டைனி கோர் லினக்ஸ் ஏறத்தாழ 23 எம்பிதான். ஆனால் அலுவலகச் செயலியோ எழுத்துருவோ வேண்டுமென்றால் அதைத் தனியே இறக்கித்தான் சேர்க்க வேண்டும். டெபியன் லினக்ஸின் 'நெட்இன்ஸ்ட்' கோப்பும் அடிப்படை அமைப்பை மட்டும் தந்துவிட்டு, மற்றதை இணையத்திலிருந்து எடுக்கும். ஏறத்தாழ 4 ஜிபி அளவுள்ள டெபியனின் முதல் டிவிடி கோப்பிலோ எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அடக்கம். 2023இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை போன்ற வன்பொருளுக்கான ஃபர்ம்வேரும் அதிலேயே வருகிறது. கோப்பின் அளவல்ல, இயங்கும்போது எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்பதே இலகுவுக்கு அளவு. நினைவகத்தை அதிகம் விழுங்குவது உலாவி. இணையமில்லாத இடத்தில் அதற்கு வேலை குறைவு. எனவே 2 ஜிபி நினைவகத்திலும் எக்ஸ்எஃப்சிஇ தடங்கலின்றி ஓடும்.

பராமரிப்பிலும் இதே தர்க்கம்தான். மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாக இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தால், ஒன்று நிறுவ இன்னும் மூன்று கேட்கும். அதற்கு மாறாக, டிவிடி கோப்பை வன்தட்டிலேயே நகலெடுத்து ஏற்றி, அதைப் பொதிக் களஞ்சியமாக டெபியனின் பொதி மேலாளரான ஆப்ட்டுக்குக் காட்டிவிடலாம். அதில் இல்லாதவற்றுக்கு 'ஆப்ட்-ஆஃப்லைன்' உண்டு. என்னென்ன தேவை என்ற பட்டியலை அந்தக் கணினியே எழுதித் தரும். இணையமுள்ள கணினியில் அதைக் கொடுத்து இறக்கி வரலாம். ஆனால் மேம்படுத்தலுக்கு இரண்டு நடை தேவை: முதல் நடையில் புதிய பொதிப்பட்டியல், அதை வைத்துக் கணக்கிட்ட பொதிகள் இரண்டாவதில். கணினியின் கடிகாரத்தையும் முதலில் சரிபாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்தங்கியிருந்தால், கொண்டுவந்த பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆப்ட் மறுத்துவிடும்.

4 ஜிபி இறக்குவது சுமையல்லவா என்று கேட்கலாம். ஒருமுறை இறக்கி, எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்து வைத்துக்கொண்டால் எத்தனை கணினிகளுக்கும் அதுவே போதும். பழைய 32 பிட் கணினிகள் பற்றிய ஆட்சேபம் நியாயமானது. டெபியன் 13 அவற்றுக்கு நிறுவியைத் தருவதில்லை. அங்கே டெபியன் 12இல் நிற்பதே வழி. நினைவகம் 512 எம்பிதான் என்றால் ஆன்டிஎக்ஸ் பொருத்தம். அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதால் ஆப்ட் முறைகள் அங்கும் செல்லும்.

இணையமே இல்லாதபோது பாதுகாப்பு மேம்படுத்தல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பில்லாத கணினிகளுக்கும் பென்டிரைவ் வழியே பரவக்கூடியதாக இருந்தது. பென்டிரைவ் நுழையும் கணினியை உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டதாகக் கருத முடியாது. ஆகவே மேம்படுத்தலைச் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். அதற்கெனத் தனி பென்டிரைவ் வையுங்கள். வேறு எதற்கும் அதைக் கொடுக்காதீர்கள்.