பாட்டிமார் பெஞ்சு

ஆப்பிரிக்காவில் உள்ள நாடு சிம்பாப்வே. அங்கே மனநல டாக்டர்கள் மிகவும் குறைவு.

டிக்சன் சிபாண்டா ஒரு மனநல டாக்டர். 2005ஆம் ஆண்டு அவரிடம் வைத்தியம் பார்த்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். டாக்டரைப் பார்க்க வர அவளிடம் பஸ்சுக்குப் பணம் இல்லை.

டாக்டர் மனம் நொந்தார். 2006ஆம் ஆண்டு ஹராரே நகரில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். மரத்தடியில் பெஞ்சு போட்டார். 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார்.

"இந்தப் பெயர் வைத்தால் யாரும் வரமாட்டார்கள்" என்றார்கள் பாட்டிமார். பெயர் 'நட்பு பெஞ்சு' என்று மாறியது. மக்கள் வந்தார்கள்.

மனச்சோர்வை அவர்கள் 'குபுங்கிசிசா' என்பார்கள். 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். பாட்டிமாரும் அந்தச் சொல்லிலேயே பேசினார்கள்.

பாட்டி முதலில் பொறுமையாகக் கேட்பார். வந்தவர் தம் கஷ்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைத் தீர்க்கும் வழியையும் அவரே யோசிப்பார். பாட்டி தைரியம் சொல்வார்.

2016ஆம் ஆண்டு ஆய்வு முடிவு வந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களின் மனச்சோர்வு ஆறு மாதத்தில் நன்றாகக் குறைந்திருந்தது.

நம் நாட்டில் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பேசுவோம்: உங்கள் ஊரில் மனக்கஷ்டத்தை யாரிடம் சொல்வார்கள்? என்ன சொல்லிச் சொல்வார்கள்?