பயிற்சியாளராக வரவிருக்கும் இளம் ஆட்டக்காரருக்கு: பாவ்லோ பென்டோ நடந்த வழி

பாவ்லோ பென்டோ 1969இல் லிஸ்பனில் பிறந்தவர். கால்பந்தில் தற்காப்பு நடுக்களத்தில் ஆடியவர். எதிரணியின் தாக்குதலை முறித்து, கிடைத்த பந்தை அருகிலிருப்பவரிடம் சேர்ப்பது அவர் வேலை. ரசிகர்கள் பெயர் சொல்லிக் கூவும் இடமல்ல அது. 1990இல் எஸ்ட்ரேலா ட அமடோரா என்ற சிறிய கிளப்புடன் போர்ச்சுகல் கோப்பையை வென்றார். பிறகு விட்டோரியா கிமராயிஷ், பென்ஃபிகா, ஸ்பெயினின் ஒவியேடோ, கடைசியாக ஸ்போர்ட்டிங். 2001-02இல் ஸ்போர்ட்டிங் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றபோது அந்த அணியில் இருந்தார். நாட்டுக்காக 35 ஆட்டங்கள்.

கார்டியோலா, ஆன்செலோட்டி, டெஷாம் என்று பெரிய பயிற்சியாளர்கள் பலர் நடுக்களத்திலிருந்து வந்தவர்கள். முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் ஒருசேரக் கண்ணில் படும் இடம் என்பது ஒரு காரணம். ஆனால் அந்த இடத்தில் ஆடிய ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சியாளராகவில்லை என்பதையும் இளைஞர் மறக்க வேண்டாம். பென்டோவின் நிதானமும் பிறவியில் வந்ததல்ல. 2000 யூரோ அரையிறுதியில் பிரான்ஸுக்குக் கூடுதல் நேரத்தில் பெனால்ட்டி தரப்பட்டபோது நடுவரைச் சூழ்ந்து ரகளை செய்ததற்காகப் பல மாதத் தடை பெற்ற மூன்று போர்ச்சுகல் ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். கடைசி சர்வதேச ஆட்டம் 2002 உலகக் கோப்பையில், ஜூன் 14 அன்று இன்சோனில். ஒன்பது பேராகச் சுருங்கிய போர்ச்சுகல், பார்க் ஜி-சங்கின் கோலால் தென்கொரியாவிடம் தோற்று வெளியேறியது.

2004இல் ஓய்வு பெற்றதும் அவர் பெரிய பதவி தேடவில்லை. ஸ்போர்ட்டிங்கின் ஜூனியர் அணியை எடுத்துக்கொண்டார்; முதல் ஆண்டிலேயே அது தேசியப் பட்டம் வென்றது. 2005 அக்டோபரில் முதல் அணி தடுமாறியபோது பொறுப்பு 36 வயதான அவரிடம் வந்தது. புதியவர் தொடங்க வேண்டிய இடம் இளையோர் அணிதான். அங்கே தோல்வி செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைத் தாண்டாது. தவறைத் திருத்த நேரம் இருக்கும். நாளை பெரிய அணிக்கு வரப்போகும் பையன்களின் குணமும் முன்கூட்டியே தெரிந்துவிடும். 2006 நவம்பரில் 18 வயதான ரூய் பட்ரீசியோவைக் கோல் காக்க நிறுத்தினார். பையன் அந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்ட்டியைத் தடுத்தான். பட்ரீசியோ, மூட்டினியோ, நானி, வெலோசோ ஆகிய நால்வரும் ஸ்போர்ட்டிங் அகாடமியில் வளர்ந்து பென்டோவிடம் ஆடியவர்கள். ஆறாண்டு கழித்து, 2012 யூரோ அரையிறுதியில் போர்ச்சுகலுக்காகக் களமிறங்கிய பதினொருவரில் நால்வரும் இருந்தார்கள்.

ஸ்போர்ட்டிங்கில் அவருக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை. தொடர்ந்து நான்கு பருவங்கள் இரண்டாம் இடம். நான்கிலும் முதலிடம் போர்ட்டோவுக்கு. இரண்டு கோப்பைகளும் இரண்டு சூப்பர் கோப்பைகளும் வந்தன. 2008-09இல் சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட் சுற்றை எட்டிய அணி, பேயர்ன் மியூனிக்கிடம் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 12-1 என்று நொறுங்கியது. 2009 நவம்பரில் அவரே விலகினார். பணம் குறைந்த கிளப்பை நான்காண்டு இரண்டாம் இடத்தில் நிறுத்துவது, பணக்காரக் கிளப்புக்கு ஒரு பட்டம் வாங்கித் தருவதைவிடக் கடினம். ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தைத்தான் எண்ணுவார்கள்.

2010 செப்டம்பரில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், உலகச் சாம்பியனான ஸ்பெயினை நட்பு ஆட்டத்தில் 4-0 என்று வென்றது போர்ச்சுகல். 2012 யூரோ அரையிறுதியில் அதே ஸ்பெயினை 120 நிமிடம் கோல் போட விடாமல் தடுத்து, பெனால்ட்டியில் 4-2 என்று தோற்றது. ஐந்தாவது உதைக்கு நிறுத்தப்பட்டிருந்த ரொனால்டோவின் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. உதைப்பவர்களின் வரிசை குறித்து விவாதம் எழுந்தது. சிறந்தவரைக் கடைசிக்கு வைப்பவர் கடைசி வருமா என்றும் கணக்கிட வேண்டும்.

கண்டிப்பில் அவர் வளையாதவர். 2011இல் அணியில் இடம் இல்லை என்று தெரிந்து முகாமைவிட்டு வெளியேறினார் ரிக்கார்டோ கார்வால்யோ. பென்டோ அவரைப் படையைவிட்டு ஓடியவருக்கு ஒப்பிட்டார். பிறகு அழைக்கவே இல்லை. அடுத்து வந்த ஃபெர்னான்டோ சான்டோஸ் அழைத்தார், கார்வால்யோவும் ஆடினார். வெளியேறியவரைத் தண்டித்தது சரி. ஆனால் திரும்பி வரும் கதவை என்றைக்குமாக அடைப்பதில் நட்டம் அணிக்குத்தான். 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் 0-4 என்று தொடங்கிய போர்ச்சுகல் முதல் சுற்றோடு திரும்பியது. செப்டம்பரில் அவெய்ரோவில் அல்பேனியாவிடம் தோற்றதும் பென்டோவின் பதவி போனது.

பிரேசிலின் க்ரூசெய்ரோவில் இருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. கிரீஸின் ஒலிம்பியாகோஸ், அணி லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கியது. சீனாவின் சோங்சிங்கிலும் நிலைக்கவில்லை. அவருடைய வேலை வரலாற்றில் தெளிவாகத் தெரிவது இதுதான்: நான்காண்டு கொடுத்த மூன்று இடங்களில் விளைச்சல் இருந்தது, மாதக்கணக்கில் அளந்த இடங்களில் எதுவும் இல்லை. ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆட்டக்காரர்களையே திரும்பத் திரும்ப இறக்குபவருக்கு அவசரக்கார முதலாளி ஒத்துவரமாட்டார். ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன், அங்கே முன்பிருந்தவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள் என்று இளைஞர் விசாரிப்பது நல்லது.

நான்காண்டு கொடுத்த மூன்றாவது இடம் தென்கொரியா. 2018 ஆகஸ்டில் சேர்ந்தார். கோல்கீப்பரில் தொடங்கிக் குறும்பாஸ்களாகப் பந்தை முன்னே கொண்டுபோகும் ஆட்டத்தை அணிக்குப் பழக்கினார். 2019 ஆசியக் கோப்பையில் காலிறுதியோடு தோல்வி. 2021 மார்ச்சில் யோகோஹாமாவில் ஜப்பானிடம் 0-3. இந்த முறை வலிய அணிகளிடம் எடுபடாது என்று கொரியப் பத்திரிகைகள் எழுதின. அவர் முறையை மாற்றவில்லை, கொரியக் கால்பந்துச் சங்கமும் அவரை மாற்றவில்லை. இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே 2022 உலகக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது.

கத்தாரில் உருகுவேயுடன் சமன், கானாவிடம் 2-3. கானா ஆட்டத்தின் முடிவில் கார்னர் எடுக்க விடாமல் நடுவர் விசில் ஊதியதால் களத்துக்குள் பாய்ந்த பென்டோ சிவப்பு அட்டை வாங்கினார். 2000இன் கோபம் முழுவதும் தணிந்திருக்கவில்லை. அதனால் டிசம்பர் 2 அன்று, வென்றே ஆகவேண்டிய ஆட்டத்தில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். எதிரே போர்ச்சுகல், அதன் பயிற்சியாளர் சான்டோஸ். ஸ்போர்ட்டிங்கில் பென்டோ ஆடிய கடைசிப் பருவத்தில் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. களத்தோரத்தில் நின்று கொரிய அணியை நடத்தியவர் துணைப் பயிற்சியாளர் செர்ஜியோ கோஸ்டா. ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட போர்ச்சுகல் பலரை மாற்றி இறக்கியிருந்தது உண்மைதான். ஆயினும் ஐந்தாம் நிமிடத்திலேயே பின்தங்கிய கொரியா கலங்காமல் சமன் செய்தது. 91ஆம் நிமிடத்தில் சன் ஹியுங்-மின் தந்த பாஸை ஹ்வாங் ஹீ-சான் கோலாக்க, 2-1. தலைமைப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்தாமலேயே அணி இயங்கியது என்றால், நான்காண்டுப் பயிற்சி அதற்குள் இறங்கியிருந்தது என்று பொருள். அடுத்த சுற்றில் பிரேசிலிடம் 1-4 என்று தோற்றதும் பென்டோ விடைபெற்றார். அதுவரை கொரிய அணியை இடைவிடாமல் அவ்வளவு காலம் நடத்தியவர் வேறில்லை.

2023இல் ஐக்கிய அரபு அமீரக அணி. ஆசியக் கோப்பையில் தஜிகிஸ்தானிடம் பெனால்ட்டியில் தோற்றாலும், 2024 நவம்பரில் கத்தாரை 5-0 என்று வீழ்த்தினார்கள். 2025 மார்ச்சில் இரானிடம் 0-2 என்று தோற்றதால் உலகக் கோப்பைக்கான நேரடித் தகுதி ஏறக்குறைய கைநழுவியது. அடுத்த ஆட்டத்தில் வட கொரியாவை, காயநேரத்தில் விழுந்த கோலால் 2-1 என்று வென்றது அமீரகம். வென்ற சில மணி நேரத்தில் பென்டோ நீக்கப்பட்டார்.