பழைய ஆண்டின் வரிப் பாக்கி: கடிதம் வந்தால் செய்ய வேண்டியது என்ன?



சங்கக் கூட்டங்களிலும், தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்து பேசும் வேளைகளிலும், வியாபாரம் செய்யும் நம்மவர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய கணக்கில் வரி குறைவாகக் கட்டியிருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது?" என்பதே அது. நாம் சட்டம் படித்ததில்லை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டு, கடையில் நின்று தொழில் கற்றோம். ஆயினும் இத்தகைய கடிதம் நமக்கும் வந்தது. அதில் நாம் கற்றதைப் பிறருக்குச் சொல்லுவது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

கடிதம் வந்த விதம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தபால் வந்தது. 2018ஆம் வரி ஆண்டுக்கு நாம் மேலும் 3,940 வெள்ளி வரி கட்ட வேண்டும் என்றும், அதன்மேல் நூற்றுக்கு 15 வீதம் 591 வெள்ளி அபராதம் என்றும், ஆக மொத்தம் 4,531 வெள்ளியை 30 நாளில் செலுத்த வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கை கால் ஓடவில்லை. அந்த ஆண்டுக்குரிய வரியை அப்போதே கட்டி, ரசீதும் வாங்கிவிட்டோமே என்பதுதான் முதலில் எழுந்த எண்ணம்.

பிறகு விசாரித்ததில் இரண்டு விஷயங்கள் தெரிய வந்தன. முதலாவது, விளக்கம் கேட்டு அதற்கு முன்பே ஒரு கடிதம் அனுப்பப்பட்டிருந்தது. அது நாம் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் போயிருந்தது. வீடு மாறியதை மூன்று மாதத்துக்குள் வரி இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்காதது நமது குற்றம்.

இரண்டாவது, கடைக்கு மேல்மாடியின் வாடகை. மர்ஹூம் அத்தா அவர்கள் உயிரோடிருந்தபோதே கடைவீட்டை நமது பெயருக்கு எழுதி வைத்துவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு முதல் மேல்மாடியை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தம் வேலையாட்கள் தங்குவதற்காக மாதம் 1,500 வெள்ளிக்கு எடுத்திருந்தார். அந்த வாடகையை அத்தாவின் கையிலேயே கொடுத்துவிடுவார். அத்தா அதிலிருந்து ஊருக்கு அனுப்புவார்கள். ஏழை எளியவருக்குக் கொடுப்பார்கள். அது அத்தாவின் பணம் என்றே நாம் நினைத்திருந்தோம், பேரேட்டில் ஏற்றவில்லை. ஆனால் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானமே வாடகை. சாப்பாட்டுக் கடைக்காரரோ தம் கணக்கில் அந்த வாடகையைச் செலவாக ஒழுங்காக எழுதியிருந்தார். அவர் கணக்கு நம் கணக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர்மேல் குறையில்லை, அவர் செய்ததே சரி.

சட்டம் சொல்வது

நம் பாட்டன்மார் காலத்தில், 1947ஆம் ஆண்டின் சட்டப்படி, 1948 முதல் மலாயாவில் வருமான வரி வசூலாகத் தொடங்கிற்று. இப்போது நடைமுறையில் உள்ளது 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். அதை நிர்வகிப்பது 1996இல் வாரியமாக அமைக்கப்பட்ட லெம்பாகா ஹசில் டாலாம் நெகெரி. முன்னெல்லாம் நாம் கணக்கைக் கொடுப்போம், அவர்கள் வரியைக் கணக்கிட்டுச் சொல்லுவார்கள். தனி ஆட்களுக்கு 2004ஆம் வரி ஆண்டு முதல் அம்முறை மாறிவிட்டது. வரியை நாமே கணக்கிட்டு நாமே கட்டுகிறோம். அவர்கள் பிறகு சோதித்துப் பார்க்கிறார்கள். ஆகவே பணம் கட்டி ரசீது வாங்கியதோடு அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது.

எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகலாம்? சட்டத்தின் 91ஆம் பிரிவுப்படி, வரி ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கூடுதல் வரி விதிக்கலாம். 2018ஆம் ஆண்டுக்குரிய கெடு 2023 டிசம்பர் 31. நமக்குக் கடிதம் டிசம்பரில் வந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஆனால் மோசடி, வேண்டுமென்றே மறைத்தல், கவனக்குறைவு ஆகிய மூன்றில் ஒன்று இருக்குமானால் ஐந்து ஆண்டு என்ற வரம்பு கிடையாது. இதைப் பலர் அறியார். "ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை" என்று தேநீர்க் கடையில் சொல்லப்படும் தைரியத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இன்னொன்று. கடிதத்தில் கண்ட தொகை தவறு என்று நாம் நினைத்தாலும், மேல்முறையீடு செய்தாலும், 30 நாளில் பணத்தைக் கட்டத்தான் வேண்டும். கட்டத் தவறினால் நூற்றுக்குப் பத்து கூடும். முதலில் கட்டு, பிறகு வாதாடு என்பதே இந்நாட்டின் முறை. ஒரே தடவையில் கட்ட இயலாதவர்கள், கெடு முடியுமுன் இலாகாவில் நேரில் சென்று தவணை கேட்கலாம். பாக்கியை அப்படியே விட்டுவிட்டால் 104ஆம் பிரிவுப்படி வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கவும் அதிகாரம் உண்டு. உம்ராவுக்குப் புறப்பட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பி வரும் துக்கம் யாருக்கும் வர வேண்டாம்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தல்

பயத்தில் இரண்டு தவறுகள் செய்கிறோம். ஒன்று, கடிதத்தை மேசை அறையில் போட்டு மூடிவிடுவது. மற்றொன்று, எதுவும் பார்க்காமல் கேட்டதைக் கட்டிவிட்டு, வாழ்நாளெல்லாம் ஏமாந்துவிட்டோம் என்று புலம்புவது. இரண்டும் வேண்டாம். தொகை எப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 14 இலட்சம் பேருக்கு, கடந்த இரண்டு ஆண்டுகளில் வரி குறைவாகப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று கடிதங்கள் போயின. மாதச் சம்பளக்காரர்களுக்கே அங்கு அந்த நிலை என்றால், கையால் கணக்கெழுதும் நம்மைச் சொல்ல வேண்டியதில்லை.

நமது கணக்கைப் பார்ப்போம். 2018இல் வரிக்குரிய வருமானம் 58,000 வெள்ளி என்று காட்டியிருந்தோம். அதற்கு வரி 2,920. அவ்வாண்டு ஜகாத் கட்டிய 1,000 வெள்ளியைக் கழித்து 1,920 கட்டினோம். ஜகாத் வருமானத்தில் கழிவதில்லை, வரியிலேயே வெள்ளிக்கு வெள்ளி கழிகிறது என்பதை நம் மக்கள் நன்கு அறிந்து கொள்ள வேண்டும். ஆனால் அதிகாரபூர்வமான ஜகாத் நிறுவனத்தின் ரசீது வேண்டும். ஏழைக்கு நம் கையால் கொடுத்ததற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. வரி இலாகாவில் கழிவு கிடையாது.

இலாகாவின் கணக்கில் வாடகை 18,000 வெள்ளி சேர்ந்து வருமானம் 76,000 ஆயிற்று; வரி 5,860. முதல் கடிதத்துக்கு நாம் பதில் அனுப்பாததாலும் ரசீதைக் காட்டாததாலும் ஜகாத் கழிவும் எடுபட்டது. ஆகவே 5,860இலிருந்து கட்டிய 1,920 போக 3,940 பாக்கி.

நாம் அத்தாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து தேடினோம். ஜகாத் ரசீது கிடைத்தது. மாநகர் மன்றத்துக்குக் கட்டிய வீட்டு வரி, தீ இன்சூரன்ஸ், கூரை பழுது பார்த்த பில் ஆகியவையும் கிடைத்தன. மேல்மாடிக்குரிய பங்காக இச்செலவுகள் 2,400 வெள்ளி. வாடகை வருமானத்திலிருந்து இவற்றைக் கழிக்கச் சட்டம் இடந் தருகிறது. கூரைப் பில்லில் எழுத்து முழுதும் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. நல்லவேளையாக அந்த இரும்புக் கடையில் நகல் இருந்தது. சூட்டில் அச்சாகும் இந்தக் காலத்து ரசீதுகள் ஓரிரு ஆண்டில் மறைந்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து வையுங்கள்.

மேல்முறையீட்டுக்கு கியூ பாரம் என்று ஒன்று உண்டு. கடிதம் கிடைத்த 30 நாளில் அதைக் கொடுக்க வேண்டும். இலாகாவோடு சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் முன் போகும். நாம் சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து 4,531 வெள்ளியையும் கெடுவுக்குள் கட்டிவிட்டு, கியூ பாரத்தோடு எல்லா நகல்களையும் வைத்துக் கொடுத்தோம். தமிழில் எழுதியிருந்த குறிப்பேட்டின் பக்கங்களை மலாயில் பெயர்த்தெழுதி இணைத்தோம். ஆணையர்கள் வரை போகவில்லை. வருமானம் 73,600 என்றும், ஜகாத் கழிவு செல்லும் என்றும் ஏற்று, கூடுதல் வரி 2,436 வெள்ளி, அபராதம் 365 வெள்ளி 40 காசு என்று திருத்தம் வந்தது. 1,729 வெள்ளி 60 காசு குறைந்தது. சண்டை போட்டு இது குறையவில்லை, காகிதம் காட்டியதால் குறைந்தது.

கேட்காத வருஷங்கள்

இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். பழைய கணக்கைப் புரட்டும்போது வேறொன்று தெரிந்தது. கடிதம் 2018க்கு மட்டுமே வந்தது. வாடகையோ 2016 முதல், 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வேலையாட்கள் காலி செய்யும் வரை வந்திருக்கிறது. மற்ற ஆண்டுகளிலும் நாம் அதைக் காட்டவில்லை.

நெருங்கிய நண்பர் ஒருவர், "கேட்டதைக் கட்டிவிட்டாய். கேட்காததை நீயே ஏன் வெளியே போடுகிறாய்?" என்றார். வீட்டிலும், "அத்தா மவுத்தான பிறகு அவங்க பேரை இழுக்கணுமா?" என்று கண் கலங்கினார்கள். பல இரவுகள் நமக்குத் தூக்கமில்லை. கடையிலோ அப்போது வியாபாரம் மந்தம்.

கடைசியில் நாம் இப்படி எண்ணினோம். மய்யித்தை அடக்கிய பின், வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். இதுவோ அத்தாவின் கடன்கூட அல்ல, நம்முடையது. அத்தாவின் பெயர் கெடாமலிருக்க வேண்டுமானால் அவர்கள் கொடுத்த வீட்டின் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வரி விஷயத்தில் மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. அதில் நாம் புகவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் வாய் மூடியிருந்தால், அதுவரை அறியாமையாக இருந்தது அன்று முதல் மறைத்தலாகிவிடும். சட்டத்தின் பார்வையிலும் அதுதான் வேறுபாடு. மறைத்தலுக்கு ஆண்டு வரம்பில்லை. தானாக முன்வந்து சொல்கிறவருக்கு அபராதம் குறைவு.

ஆகவே நாமே போய் மற்ற ஆண்டுகளின் வாடகையையும் எழுதிக் கொடுத்தோம். திரும்ப வர வேண்டிய தொகையை அதில் கழித்துக்கொண்டு, மிச்சத்தைப் பன்னிரண்டு தவணையாகக் கட்டினோம். அந்த ஆண்டு பெருநாளுக்கு வீட்டில் புதுத் துணி எடுக்கவில்லை. கடைசித் தவணை கட்டிய ரசீதை உம்மாவிடம் காட்டினோம். அவர்கள் அதை வாங்கி, பிஸ்கட் டின்னிலேயே வைத்தார்கள்.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

கடிதம் வந்த உறையைக் கிழித்தெறியாதீர்கள். கிடைத்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். 30 நாள் அதிலிருந்துதான்.

தொலைபேசியில் மிரட்டி உடனே பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் மலிந்துவிட்டார்கள். வரி இலாகாவின் கிளைக்கே நேரில் சென்று, கடிதம் உண்மைதானா, கணக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ரசீது, பில், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும். இது சட்டம்.

வீடோ கடையோ மாறினால் விலாசத்தை உடனே அறிவியுங்கள்.

வீடு, கடை, வாகனம் யார் பெயரில் இருக்கிறது, அதன் வரும்படி யார் கைக்குப் போகிறது என்று அத்தா, பிள்ளை, அண்ணன், தம்பி எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களின் கடைகளில் பாசம் அதிகம், எழுத்து குறைவு. துன்பம் அங்கேதான் பிறக்கிறது. 2024 ஆகஸ்டு முதல் மின்னியல் பில் முறை பெரிய கம்பெனிகளிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு பேசும் காலம் இது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். சிறு வயதில் அதை மனப்பாடம் செய்யக் கஷ்டப்பட்டதுதான் நினைவிருந்தது. எழுதி வைப்பதற்கு ஏன் அத்தனை நீளமாகச் சொல்லப்பட்டது என்பது, நாற்பது வயதுக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னின் முன் உட்கார்ந்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.