லீவர் துப்பாக்கி: புதிதா, பழையதா?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு 30-30 லீவர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள். வேறு எதற்கும் முன்னால், துப்பாக்கி காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

1. தயாரான ஆண்டைக் கேளுங்கள். வின்செஸ்டர் 94-க்கு 1964 ஓர் எல்லைக்கோடு. செலவைக் குறைக்க, கடைந்தெடுத்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டில் அடித்தவற்றைப் போடத் தொடங்கிய ஆண்டு அது. அதற்கு முந்தையவற்றுக்கு இன்றும் கிராக்கி. சுடுவதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பிந்தையதே போதும், விலையும் குறையும்.

2. மார்லின் என்றால் குழலில் 'ஜே.எம்.' முத்திரையைத் தேடுங்கள். ரெமிங்டன் கைக்குப் போவதற்கு முந்தைய பழைய தொழிற்சாலையின் அடையாளம் அது. 2020-இல் மார்லினை ரூகர் வாங்கியது. இப்போது புதிதாக வருபவை ரூகர் செய்பவை.

3. பழையதில் நான் அதிக நேரம் பார்ப்பது குழலின் வாயை. 94-ஐப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்வது சிரமம். அதனால் பலர் வாய்ப்பக்கமாகவே கம்பியை விட்டு விட்டு இழுத்திருப்பார்கள். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் குறி தவறும். லீவரைத் திறந்து, உள்ளே வெள்ளைத் தாளை வைத்து, வாய்வழியே பாருங்கள். சுருள் வரிகள் கூராகத் தெரிய வேண்டும். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் வெளியே வந்துவிடும், பின்பக்கமிருந்தே துடைக்கலாம்.

4. திருகுகளைக் கவனியுங்கள். ஒரு கடையில் கட்டை பளபளக்கும் 94 ஒன்றைக் கையில் எடுத்தேன். திருகுத் தலைகள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன. பழக்கமில்லாத யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார். அப்படியே வைத்துவிட்டேன்.

5. ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்துங்கள். ஹேமர் விழுந்தால் வாங்கவே கூடாது. பழையவற்றில் பாதுகாப்பே அந்தப் பாதி நிறுத்தம்தான்.

6. ஸ்கோப் மாட்டுவதாக இருந்தால் பழைய 94 வேண்டாம். 1980-களின் தொடக்கம் வரை வந்தவற்றில் தோட்டாக் கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும். மார்லினில் பக்கவாட்டில் போகும்.

7. புதிய வின்செஸ்டரும் மார்லினும் ஆயிரம் டாலரைத் தாண்டும். பழுது வந்தால் தயாரித்தவரிடம் போகலாம், அதுதான் லாபம். பார்த்துச் சொல்ல விவரம் தெரிந்தவர் கூட இருந்தால் பழையது வாங்குங்கள். இல்லையென்றால் புதியதே நல்லது.

8. தனியாரிடம் வாங்கினாலும் உரிமம் உள்ள கடை வழியாகவே கைமாற்றுங்கள். 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் உங்களுக்கும் பாதுகாப்பு.

9. விற்பவர் கூடவே அரைப் பெட்டித் தோட்டாவை இலவசமாகத் தந்தால் அதைச் சுடாதீர்கள். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டி நிற்கும். கூர்முனைத் தோட்டா ஒன்று கலந்திருந்தால் கையிலேயே வெடிக்கலாம். தட்டை முனையோ, லீவர் ரைஃபிளுக்கென்றே வரும் மென்முனையோ, புதுப் பெட்டியாக வாங்குங்கள்.