ஃப்ளோ கெமிஸ்ட்ரி: குழாய் முதல் வால்வு வரை தேர்ந்தெடுப்பது எப்படி?

குடுவையில் கொட்டிக் கிளறாமல், வினைபொருள்களை மெல்லிய குழாய்க்குள் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே வினையை முடிப்பதுதான் ஃப்ளோ கெமிஸ்ட்ரி. பம்ப் வாங்கும்போது காட்டும் அக்கறையைப் பலரும் குழாயிலும் இணைப்பிலும் காட்டுவதில்லை. ஒழுகுவதும் அடைத்துக்கொள்வதும் அங்கேதான். கேட்டலாக்கைப் புரட்டுமுன் கரைப்பான், அமிலமா காரமா, வெப்பநிலை, அழுத்தம், திடப்பொருள் படியுமா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில் போகலாம்.

1. குழாயின் பொருள்: பி.எஃப்.ஏ., எஃப்.இ.பி. பிளாஸ்டிக் குழாய்கள் ஏறக்குறைய எல்லாக் கரைப்பான்களையும் தாங்கும்; உள்ளே நடப்பதும் தெரியும். ஒளிவினைகளுக்கு எஃப்.இ.பி. ஏற்றது. ஆனால் சூடு ஏற ஏற இவை தாங்கும் அழுத்தம் குறையும். உயர் அழுத்தத்துக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை அரித்துவிடும். பீக் (PEEK) பிளாஸ்டிக் உறுதியானதுதான், ஆனால் அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் அதைக் கெடுக்கும், டி.எச்.எஃப். கரைப்பானில் அது உப்பும்.

2. விட்டமும் நீளமும்: 1 மி.மீ. உள்விட்டக் குழாயில் மீட்டருக்கு 0.785 மி.லி. கொள்ளும். நிமிடத்துக்கு 1 மி.லி. ஓடும்போது வினைக்குப் பத்து நிமிடம் வேண்டுமென்றால் 10 மி.லி. கொள்ளளவு, அதாவது 12.7 மீட்டர் குழாய் தேவை. விட்டம் குறைந்தால் வெப்பம் சீக்கிரம் கடத்தப்படும். ஆனால் அடைப்பு அபாயமும் பம்ப்பின் சுமையும் கூடும்.

3. இணைப்புகள்: தட்டை அடி கொண்ட 1/4-28 மரையும் கூம்பு அடி கொண்ட 10-32 மரையும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆய்வகம் முழுவதும் முடிந்தவரை ஒரே வகையில் நில்லுங்கள். குழாயை அதற்கான கட்டரால் நேராக வெட்டுங்கள்; கோணலான வெட்டு கசியும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃபெரூல் வளையங்களைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

4. கலப்பான்: சாதாரண வினைக்கு டி-வடிவக் கலப்பான் போதும். நொடிக்குள் முடியும் வினைக்கு உள்துளை சிறியதாக இருக்கட்டும்.

5. பேக் பிரஷர் ரெகுலேட்டர்: கரைப்பானைக் கொதிநிலைக்கு மேல் சூடாக்கினாலும் திரவமாகவே வைத்திருப்பது இதுதான். 100 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 6.9 பார். வேலை செய்யும் வெப்பநிலையில் கரைப்பானின் ஆவியழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, அதைவிடக் கூடுதலாகத் தேர்ந்தெடுங்கள். திடப்பொருள் படிந்தால் முதலில் அடைபடுவதும் இதுவே.

6. பாதுகாப்பு: பம்ப்பின் உறிஞ்சு முனையில் ஃபில்டர், ஒவ்வொரு வழியிலும் செக் வால்வு, பம்ப்புக்கும் கலப்பானுக்கும் இடையே அழுத்த உணரி, ரிலீஃப் வால்வு ஆகிய நான்கையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் பூட்டியதும் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டி, வேலை அழுத்தத்தில் கசிவு பாருங்கள். மொத்த அமைப்பு தாங்கும் அழுத்தம், அதிலுள்ள மிகப் பலவீனமான பாகம் தாங்கும் அளவுதான். அந்த எண்ணை ஃப்யூம் ஹூட் கண்ணாடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பம்ப்பின் தானியங்கி நிறுத்தத்தையும் அதற்குக் கீழேயே வையுங்கள்.